மலை பங்களாவில் மாயமான பட்டு ராஜா
நாற்காலியில் கோட்டு, மேஜையில் சிகரெட்டு, ஆளை மட்டும் காணோம்!

பட்டப்பகல். வாசலில் நாற்காலி போட்டிருந்த மலை பங்களா. உள்ளே நண்பர்கள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே இருந்த மனிதர் எழுந்து எங்கோ போனார். போனவர் போனவர்தான்!

பல நூறு பேர் காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஹெலிகாப்டர் பறந்தது. மந்திரவாதிகள் குறி சொன்னார்கள். ஒரு சட்டைப் பொத்தான்கூட கிடைக்கவில்லை.

மறைந்தவர் சாதாரண ஆள் அல்ல. தாய்லாந்துப் பட்டை உலகம் முழுவதும் விற்றுக் காட்டிய அமெரிக்கர். பட்டு ராஜா என்று பெயர் எடுத்தவர். அவர்தான் ஜிம் தாம்சன்.

1967-ம் ஆண்டு மார்ச் மாதம் 26-ந்தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை அவர் மறைந்தார். அதற்கு 5 நாள் முன்புதான் அவருக்கு 61 வயது நிறைந்திருந்தது. கொலையா, கடத்தலா, விபத்தா என்ற மர்மம் இன்றுவரை துலங்கவே இல்லை.

பணக்காரக் குடும்பம்

ஜிம் தாம்சன் 1906-ம் ஆண்டு மார்ச் 21-ந்தேதி அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் உள்ள கிரீன்வில் என்ற ஊரில் பிறந்தார். 5 பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ஜவுளி ஆலை அதிபர். அம்மாவைப் பெற்ற தாத்தா ஜேம்ஸ் வில்சன், அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெயர் வாங்கிய தளபதி. தாத்தாவின் பெயரைத்தான் பேரனுக்கு வைத்தார்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்து 1928-ல் பட்டம் வாங்கினார். பிறகு கட்டிடக் கலை படிக்கப் போனார். அந்தப் படிப்பை முடிக்கவில்லை. ஆனாலும் நியூயார்க்கில் பெரிய மனிதர்களுக்கு வீடு வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலையில் சுமார் 10 வருடம் ஓட்டினார். விருந்து, நாட்டியம், நாடகம் என்று பொழுது போயிற்று. அப்போது அவரைப் பார்த்தவர்கள், இவர் ஒருநாள் தறிக்காரர்களோடு உட்கார்ந்து நூல் கணக்குப் பார்ப்பார் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2-வது உலகப் போர் வந்தது. தாம்சன் ராணுவத்தில் சேர்ந்தார். ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவுப் படை அவரை எடுத்துக்கொண்டது. பின்னாளில் வந்த சி.ஐ.ஏ.வுக்கு அதுதான் முன்னோடி. வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பிரான்சு என்று ரகசிய வேலைகளில் சுற்றினார்.

இலங்கை வழியாக பாங்காக்

1945 மே மாதம் ஜெர்மனி சரண் அடைந்தது. தாம்சனை இலங்கைக்கு அனுப்பினார்கள். தாய்லாந்தில் ஜப்பானியருக்கு எதிராக, சுதந்திர தாய் இயக்கம் என்ற பெயரில் ஒரு கூட்டம் ரகசியமாக வேலை செய்துகொண்டிருந்தது. அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய தாய்லாந்துக்குள் இறங்க வேண்டும் என்பது திட்டம். காட்டுக்குள் எப்படி உயிர் பிழைப்பது, வழி தப்பினால் என்ன செய்வது என்றெல்லாம் பயிற்சி கொடுத்தார்கள். இது பின்னால் முக்கியமாகப் பேசப்பட்ட விஷயம்.

அவர் கிளம்பத் தயாரான ஆகஸ்டு மாதத்தில் ஜப்பானும் சரண் அடைந்துவிட்டது. சண்டை போடப் போக வேண்டியவர், சண்டை முடிந்த பிறகு பாங்காக்கில் போய் இறங்கினார். அங்கே ஓ.எஸ்.எஸ். ஆபீசை அமைத்தார். கொஞ்ச காலம் அமெரிக்கத் தூதரகத்திலும் வேலை பார்த்தார்.

ஊர் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கால்வாய்களும் கோவில்களும் மரவீடுகளும் கண்ணைக் கவர்ந்தன. போர்க்காலத்தில் செய்துகொண்ட கல்யாணம் விவாகரத்தில் முடிந்தது. இனி சொந்த ஊருக்குத் திரும்புவதில்லை, பாங்காக்கிலேயே பிழைப்பது என்று முடிவு செய்தார்.

முதலில் ஓரியண்டல் ஓட்டலைப் புதுப்பிக்கும் வேலையில் கூட்டுச் சேர்ந்தார். கூட்டாளிகளோடு ஒத்துப்போகவில்லை. பங்கை விட்டுவிட்டு வெளியே வந்தார். அடுத்து அவர் கண்ணில் பட்டதுதான் பட்டு.

தூங்கிக்கிடந்த தறி

அந்தக் காலத்தில் தாய்லாந்துக் கைத்தறிப் பட்டு கிட்டத்தட்ட படுத்துவிட்டது. மில் துணி மலிவாக வந்து குவிந்தது. வாங்க ஆள் இல்லாததால் நெசவாளிகள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். பாங்காக்கில் கால்வாய்க் கரை ஓரமாக பான் குருவா என்ற குடியிருப்பு. அங்கே சாம் இனத்து முஸ்லிம் குடும்பங்கள் சிலர் வீட்டில் மட்டும் தறி ஓடிக்கொண்டிருந்தது.

தாம்சன் அந்த வீடுகளுக்குப் போனார். பழைய துணிகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். தாய்லாந்துப் பட்டு வழுவழு என்று இருக்காது. நூல் கொஞ்சம் முண்டும் முடிச்சுமாக இருக்கும். அதை எல்லோரும் குறை என்றார்கள். அதுதான் அழகு என்று கண்டுபிடித்தவர் தாம்சன். சாயம் வெளுத்துப்போவதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. அதற்கு வெளிநாட்டிலிருந்து கெட்டிச் சாயம் வரவழைத்துக் கொடுத்தார். நிறத்தை நிறத்தோடு சேர்ப்பதில் அவர் பெரிய கில்லாடி.

1947-ல் மாதிரித் துணிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நியூயார்க் போனார். வோக் என்ற பிரபல நாகரிகப் பத்திரிகையின் ஆசிரியையிடம் விரித்துக் காட்டினார். அந்த அம்மாள் அசந்து போனார். பட்டுக்கு அன்று பிடித்தது அதிர்ஷ்டம்.

1948-ல் தாய் பட்டுக் கம்பெனி தொடங்கியது. மூலதனம் 25 ஆயிரம் டாலர். தாம்சனுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் ஆளுக்கு 18 சதவீதப் பங்குதான். மீதியை தாய்லாந்துக்காரர்களும் மற்றவர்களும் வாங்கினார்கள். ஆரம்பத்தில் அவரே கையில் பட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் வருகிற வெள்ளைக்காரச் சீமாட்டிகள் விசாரிக்காமல் போக மாட்டார்கள். அப்படியே வியாபாரம் முடிந்துவிடும்.

1951-ல் நியூயார்க்கில் ராஜாவும் நானும் என்ற இசை நாடகம் மேடை ஏறியது. கதை நடப்பது சயாம் அரண்மனையில். உடை அமைத்த ஐரீன் ஷராஃப், தாம்சனின் பட்டைப் பயன்படுத்தினார். நாடகம் சக்கைப்போடு போட்டது. பட்டும் கூடவே பறந்தது. அந்தக் கதை பிறகு சினிமாவாக வந்தபோது, மன்னரை இழிவுபடுத்துவதாகச் சொல்லி தாய்லாந்தில் அதற்குத் தடை போட்டார்கள். ஆனால் உலகமெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பாங்காக் வந்து பட்டு வாங்கினார்கள்!

பெரிய தொழிற்சாலை கட்டி எல்லோரையும் ஒரே கூரைக்குள் அடைக்க அவர் விரும்பவில்லை. நெசவாளி தன் வீட்டிலேயே, தன் தறியிலேயே நெய்யட்டும் என்று விட்டார். பிள்ளை குட்டிகளைப் பார்த்துக்கொண்டே பெண்களும் சம்பாதித்தார்கள். கூரை ஒழுகிய வீடுகளில் ரேடியோ பாடியது. அவர் மறைந்த செய்தி வந்தபோது கால்வாய்க் கரை கலங்கியதற்குக் காரணம் இதுதான். அவர்களுக்குப் போனது முதலாளி மட்டும் அல்ல. அடுப்பு எரியக் காரணமாக இருந்த மனுஷர்.

ஆறு வீடு சேர்ந்து ஒரு வீடு

நெசவாளிகள் குடியிருப்புக்கு எதிர்க்கரையில் தாம்சன் தனக்கு ஒரு வீடு கட்டினார். பழைய தேக்குமர வீடுகள் 6-ஐ வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய வீடு அது. 1959-ல் நல்ல நாள் பார்த்துக் குடிபோனார். வீடு நிறையப் புத்தர் சிலைகள், ஓவியங்கள், பீங்கான் சாமான்கள். இரவு விருந்துக்கு எழுத்தாளர்களும் தூதர்களும் வந்து போனார்கள். ஆனால் விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் தனி ஆள். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வளர்ப்புக் கிளியும் வேலைக்காரர்களும்தான் துணை.

அந்தச் சிலைகளால் ஒரு தகராறும் வந்தது. அவர் வாங்கி வைத்திருந்த 5 பழைய சுண்ணாம்புக்கல் சிலைகள் குகைக் கோவிலிலிருந்து திருடப்பட்டவை என்று 1962-ல் தாய்லாந்து கலைத்துறை அதிகாரிகள் எடுத்துப் போனார்கள். தாம்சன் மனம் நொந்துவிட்டார். தன் சேகரிப்பை நாட்டுக்கே விட்டுப் போகிறவர்மேல் பழியா என்று வருந்தினார். வீட்டையும் பொருளையும் சயாம் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்த உயிலை மாற்றி, உறவினர் பெயருக்கு எழுதினார்.

அரசியலிலும் அவருக்கு நிம்மதி இல்லை. சுதந்திர தாய் இயக்கத்து நண்பர்கள் போருக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தார்கள். 1947-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவர்கள் தலை உருண்டது. பிரிதி பனோம்யோங் என்ற தலைவர் நாட்டைவிட்டே ஓடினார். 1949-ல் முன்னாள் மந்திரிகள் 4 பேர் போலீஸ் காவலில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தாம்சன் இதை மறக்கவில்லை. தென்கிழக்கு ஆசியாவில் அமெரிக்கா நடந்துகொண்ட விதத்தையும் அவர் வெளிப்படையாகவே குறை சொன்னார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது.

கடைசிப் பயணம்

1967 மார்ச் கடைசியில், பாங்காக்கில் பழம்பொருள் கடை வைத்திருந்த தோழி ஒருவரோடு ஓய்வு எடுக்கக் கிளம்பினார். விமானத்தில் பினாங்கு. அங்கிருந்து டாக்சியில் கேமரன் மலை. மலேசியாவில் பகாங் மாநிலத்தில், சுமார் 5 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் குளிர்ப் பிரதேசம் அது. தமிழ்த் தொழிலாளர்கள் கொழுந்து கிள்ளி வளர்த்த தேயிலைத் தோட்டங்கள் அங்கே உண்டு. தோட்டம் முடிகிற இடத்தில் காடு தொடங்கும்.

தானா ராத்தா ஊருக்குப் பக்கத்தில் மூன்லைட் என்ற பங்களா. சிங்கப்பூரைச் சேர்ந்த நண்பர் ஒருவரும் அவர் மனைவியும் அங்கே தங்குவது வழக்கம். அவர்களுடைய விருந்தாளியாகத்தான் தாம்சன் போனார். சனிக்கிழமை நண்பரோடு நடக்கப் போனபோது இருவரும் காட்டில் கொஞ்சம் வழி தப்பி, பிறகு சமாளித்து வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் ஈஸ்டர். காலையில் 4 பேரும் சர்ச்சுக்குப் போனார்கள். பிறகு சாப்பாடு கட்டிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். பிற்பகல் இரண்டரை மணி அளவில் பங்களா திரும்பினார்கள். கொஞ்சம் தூங்கலாம் என்று அவரவர் அறைக்குப் போனார்கள்.

அறைக்குள் படுத்திருந்த தம்பதிக்கு வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சரளைக் கல்லில் நடக்கும் காலடி ஓசையும் கேட்டது. தாம்சன் உலாவப் போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடினார்கள். அவ்வளவுதான்! அவரைப் பற்றிய கடைசிச் செய்தி அந்தக் காலடிச் சத்தம்தான்.

டீ நேரம் வந்தது, அவர் வரவில்லை. பொழுது சாய்ந்தது, வரவில்லை. வெளியே நாற்காலியில் அவரது கோட்டு தொங்கியது. சிகரெட்டும் லைட்டரும் அப்படியே இருந்தன. ஓயாமல் சிகரெட்டு பிடிக்கிறவர் அதைக் கையில் எடுக்காமல் போயிருக்கிறார். பித்தப்பைக் கல் வலிக்கு அவர் சாப்பிடும் மாத்திரையும் அங்கேயே இருந்தது. தூரம் போகிற எண்ணம் அவருக்கு இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இருட்டியதும் போலீசுக்குத் தகவல் போயிற்று.

காட்டில் வேட்டை

மறுநாள் முதல் பெரிய தேடுதல் நடந்தது. போலீஸ் படை வந்தது. மலையில் ஓய்வுக்கு வந்திருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்தார்கள். காட்டை உள்ளங்கைபோல் அறிந்த ஒராங் அஸ்லி பூர்வகுடி மக்கள் தடம் பார்க்க வந்தார்கள். ஊர்க்காரர்களும் இறங்கினார்கள். ஹெலிகாப்டர் மேலே வட்டமிட்டது. தாய்லாந்தில் அமெரிக்கப் படைப்பிரிவுத் தலைவராக இருந்த பிரிகேடியர் ஜெனரல் எட்வின் பிளாக், தாம்சனின் பழைய ஓ.எஸ்.எஸ். தோழர். அவரும் ஓடிவந்தார். கண்டுபிடித்துக் கொடுப்பவருக்குப் பெரிய பரிசு அறிவித்தார்கள்.

காலடித் தடம் இல்லை. கிழிந்த துணி இல்லை. ரத்தம் இல்லை. பிணம் கிடந்தால் கழுகு வட்டமிடும், அதுவும் இல்லை. பணம் கேட்டு மிரட்டல் கடிதமும் வரவில்லை. 10 நாளுக்கு மேல் தேடிவிட்டுப் பெரிய தேடுதலை நிறுத்தினார்கள்.

பூர்வகுடி மக்கள் விவகாரத்தில் நிபுணரான ரிச்சர்டு நூன் என்ற வெள்ளைக்காரர் தனியாகக் காட்டுக்குள் போய் விசாரித்தார். தாம்சன் இந்தக் காட்டுக்குள் இல்லவே இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். பீட்டர் ஹுர்கோஸ் என்ற டச்சுக்கார ஞானதிருஷ்டி ஜோசியரையும் கூட்டி வந்தார்கள். 14 பேர் தூக்கிப் போய்விட்டார்கள், கம்போடியாவில் இருக்கிறார் என்றார் அவர். கம்போடியாவிலும் ஆள் அகப்படவில்லை.

அக்காள் கொலை!

மர்மத்தின்மேல் மர்மமாக, அதே 1967-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இன்னொரு பயங்கரம் நடந்தது. தாம்சனின் அக்காள் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் தன் வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். கொலையாளி யார் என்று கண்டுபிடிக்கப்படவே இல்லை.

தம்பி மறைந்து 5 மாதத்தில் அக்காள் கொலை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க ஒரு துரும்புகூட கிடைக்கவில்லை. ஆனாலும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசாதவர்கள் இல்லை.

என்னதான் நடந்தது?

புலி அடித்திருக்கலாம் என்றார்கள். புலி அடித்தால் எலும்பும் துணியும் மிஞ்சும். பன்றிக்கு வெட்டிய குழியில் விழுந்திருக்கலாம் என்றார்கள். குழியைக் காட்டியவர் யாரும் இல்லை. வழி தப்பிப் பள்ளத்தில் விழுந்திருக்கலாம் என்றார்கள். காட்டுப் பயிற்சி பெற்றவர், பகல் நேரத்தில், சாலைக்குப் பக்கத்திலேயே அப்படித் தொலைந்துபோவாரா என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆனால் வயது 61, உடம்பில் வலி, முதல்நாள்தான் வழி தப்பியவர் என்பதையும் மறக்க முடியாது.

மலைச் சாலையில் லாரி ஏதாவது அடித்துப்போட, டிரைவர் பயந்து உடலைப் புதைத்திருக்கலாம் என்பது இன்னொரு கட்சி. சாதாரணமாகத் தோன்றினாலும், தடயமே இல்லாததற்குப் பொருந்துகிற காரணம் இது.

உளவுக் கதைகளுக்கும் பஞ்சம் இல்லை. சி.ஐ.ஏ. தீர்த்துக் கட்டியது என்றார்கள். சீனாவில் இருந்த பிரிதியைப் பார்க்க அவரே ரகசியமாகப் போனார் என்றார்கள். தொழில் எதிரிகள் ஆள் வைத்துத் தூக்கினார்கள் என்றும் சொன்னார்கள்.

50 வருடம் கழித்து 2017-ல் ஒரு டாக்குமெண்டரி படம் பாங்காக்கில் திரையிடப்பட்டது. மலாயா கம்யூனிஸ்டு கட்சித் தலைவர் சின் பெங்கைச் சந்திக்க தாம்சன் முயன்றார் என்றும், உளவாளி என்று சந்தேகப்பட்ட கெரில்லாக்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றும், கட்சிக்காரர் ஒருவர் சாகும் தறுவாயில் இதைச் சொன்னார் என்றும் அந்தப் படம் கூறியது. ஆனால் எலும்பு இல்லை, கல்லறை இல்லை. வாய்ச்சொல் மட்டும்தான். கோர்ட்டில் நிற்கும் சாட்சியம் அல்ல.

செத்தார் என்று தீர்ப்பு

ஆள் காணாமல் போனால் அவர் சொத்தை யாரும் தொட முடியாது. உயில் இருந்தும் பயன் இல்லை. 7 வருடம் காத்திருந்தார்கள். 1974-ல் தாய்லாந்துக் கோர்ட்டு, ஜிம் தாம்சன் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தது. பிணம் இல்லாமல், மரணத்துக்குக் காரணமும் இல்லாமல் ஒரு சாவுத் தீர்ப்பு!

சொத்தைப் பெற்ற உறவினர் அதை விற்றுத் தின்னவில்லை. வீட்டையும் சிலைகளையும் காப்பாற்ற 1976-ல் தாம்சன் பெயரிலேயே ஒரு அறக்கட்டளை அமைந்தது. கால்வாய்க் கரை வீடு மியூசியம் ஆயிற்று. பாங்காக் போகும் வெளிநாட்டார் டிக்கெட்டு வாங்கிப் பார்க்கும் இடமாக அது ஆகிவிட்டது. பட்டுக் கம்பெனியும் விழவில்லை. அவர் பெயரே கம்பெனியின் முத்திரையாகி, அந்தப் பெயரிலேயே துணி விற்பனை நடந்து வருகிறது.

எதிர்க்கரையில் தறிச் சத்தம் வரவரக் குறைந்துபோயிற்று. நெசவு பெரும்பாலும் வடகிழக்கு மாவட்டங்களுக்குப் போய்விட்டது. ஆனாலும் பான் குருவாவில் ஒன்றிரண்டு குடும்பங்கள் தறியைக் கைவிடாமல் நெய்து வந்தன.

படுத்துக்கிடந்த ஒரு தொழிலை எழுப்பி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டவர் தாம்சன். அவருக்கு ஒரு பிடி மண் போடவோ, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவோ கல்லறை கிடையாது. கேமரன் மலையில் அன்று பிற்பகல் சரளைக் கல்லில் கேட்ட அந்தக் காலடி எந்தப் பக்கம் போனது என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.